போர்டிலேயே வரையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனா: நான்கு மீட்டரில் இணைப்பு அறுவது ஏன்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். என்ஆர்எஃப்52832 என்ற புளூடூத் சிப்பை வைத்து, அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் புளூடூத் வழியாகக் கைப்பேசிக்கு அனுப்பும் சிறு கருவி ஒன்றை நீங்கள் செய்திருக்கிறீர்கள். போர்டு 22 மி.மீ. அகலம், 45 மி.மீ. நீளம், 1.6 மி.மீ. தடிமன், இரண்டு லேயர். மின்சாரம் சிஆர்2032 பட்டன் பேட்டரியிலிருந்து. ஆன்டெனாவைத் தனியாக வாங்காமல், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிட்ட தலைகீழ் எஃப் வடிவ ஆன்டெனாவின் அளவுகளை எடுத்து வரைந்திருக்கிறீர்கள். அது 25.7 மி.மீ. நீளமும் 7.5 மி.மீ. உயரமும் கேட்பதால், நுனியைக் கொஞ்சம் வெட்டி, மீதியை மடக்கி, 22 மி.மீ. அகலத்துக்குள் அடக்கியிருக்கிறீர்கள். இப்போது திறந்த அறையிலேயே நான்கு மீட்டரைத் தாண்டினால் இணைப்பு அறுந்துவிடுகிறது. தவறு எங்கே, அடுத்த போர்டை எப்படி வரைவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்த அளவில் தவறுகள் மூன்று இருக்கின்றன. ஆன்டெனாவுக்கு நேர் கீழே, பின்பக்க லேயரில், கிரவுண்டு காப்பர் (மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பொதுத் தளம்) அப்படியே நிரப்பப்பட்டிருக்கிறது. ஆன்டெனாவின் நீளத்தை மாற்றிய பிறகு அது எந்த அதிர்வெண்ணில் ஒத்திசைகிறது என்று அளந்து பார்க்கவில்லை. சிப்பிலிருந்து ஆன்டெனாவுக்குச் செல்லும் டிரேஸ், அதாவது காப்பர் கோடு, மற்ற சிக்னல் டிரேஸ்களைப் போலவே 0.25 மி.மீ. அகலத்தில் ஓடுகிறது. இவற்றுள் முதலாவதுதான் உங்கள் கருவியை முடக்கியிருக்கிறது; மற்ற இரண்டும் அதற்குத் துணை நின்றவை.

மென்பொருளைச் சந்தேகிப்பதை விட்டுவிடலாம் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. இந்தச் சிப் அதிகபட்சமாக 4 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்லும் அளவு) சக்தியில் அனுப்பும். ஒரு மெகாபிட் வேகத்தில் மைனஸ் 96 டிபிஎம் வரை பலவீனமான சிக்னலையும் கேட்கும். கைப்பேசியின் ரிசீவரும் ஏறக்குறைய அதே அளவு கேட்கும் என்று வைத்துக்கொண்டால், வழியில் நூறு டெசிபல் வரை இழக்க இடமிருக்கிறது. தடையற்ற வெளியில் 2.44 கிகாஹெர்ட்ஸ் அலை நான்கு மீட்டர் கடப்பதற்குள் இழப்பது 52 டெசிபல்தான். கைப்பேசியின் ஆன்டெனா, சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள், பிடித்திருக்கும் கை எல்லாவற்றுக்கும் சேர்த்து 20 அல்லது 25 டெசிபல் விட்டுக்கொடுத்தாலும், மீதி 20 டெசிபலுக்கு மேல் எங்கோ காணாமல் போகிறது. அதாவது, சிப் தரும் சக்தியில் நூறில் ஒரு பங்குகூட உங்கள் போர்டை விட்டு வெளியேறவில்லை. சக்தியை மென்பொருளில் ஒன்றிரண்டு டெசிபல் கூட்டுவதால் இந்தப் பள்ளம் நிரம்பாது.

இனி, ஆன்டெனா என்று நாம் வரைவது உண்மையில் என்ன என்பதைப் பார்க்க வேண்டும். புளூடூத் பட்டையின் நடுவான 2440 மெகாஹெர்ட்ஸில் காற்றில் அலைநீளம் சுமார் 123 மி.மீ.; அதில் கால் பங்கு 31 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. எஃப்ஆர்4 எனப்படும், கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த போர்டுப் பலகையின் மேல் ஒட்டியிருக்கும் காப்பர் கோட்டில், அலையின் மின்புலம் பாதி பலகைக்குள்ளும் பாதி காற்றிலுமாக இருப்பதால், இந்தக் கால் அலைநீளம் 23 முதல் 26 மி.மீ. வரை சுருங்கும். கால் அலைநீளக் கோடு தனியாக நின்று அலையை வீசிவிடாது. அதில் ஓடும் மின்னோட்டத்துக்குச் சமமான எதிர் மின்னோட்டம் எங்காவது ஓடியாக வேண்டும். அது ஓடும் இடம் உங்கள் போர்டின் கிரவுண்டு காப்பர். ஆகவே நீங்கள் வரைந்த கோடு ஆன்டெனாவின் ஒரு பாதி. சிப், பேட்டரி, சென்சார் எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் கிரவுண்டு அதன் மறுபாதி. போர்டின் நீளத்தை மாற்றினால் ஆன்டெனாவையே மாற்றியதாகும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்போகும் விதிகள் பலவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அவை தாமாகவே விளங்கும்.

தலைகீழ் எஃப் வடிவம் 1958இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ரொனால்டு கிங் தலைமையிலான குழு ஏவுகணைகளின் தொலையளவைக்காக உருவாக்கியது. நேராக நிற்கும் கால் அலைநீளக் கம்பியை மடக்கி, கிரவுண்டுக்கு இணையாகப் படுக்க வைத்தால் உயரம் குறையும். ஆனால் படுக்க வைத்ததும் அதன் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு), சிப்போடு பொருந்தத் தேவையான 50 ஓமிலிருந்து வெகுவாக இறங்கிவிடும். அதை மீண்டும் ஏற்றுவதற்காகத்தான் கம்பியின் ஒரு முனையைக் கிரவுண்டோடு இணைத்து, சற்றுத் தள்ளி வேறொரு புள்ளியில் சிக்னலை ஊட்டுகிறோம். எனவே அந்த வடிவத்தில் இரண்டு கால்களும் ஒரு நீண்ட கையும் இருக்கும். கிரவுண்டோடு இணையும் காலின் அருகே மின்னோட்டம் மிகுதி, மின்னழுத்தம் ஏறக்குறைய சுழி. கையின் திறந்த நுனியில் மின்னழுத்தம் மிகுதி, மின்னோட்டம் சுழி. சிக்னலை ஊட்டும் ஃபீட் கால் கிரவுண்டுக் காலை நெருங்கினால் மின்மறுப்பு குறையும், விலகினால் கூடும். கையின் நீளத்தை மாற்றினால் அதிர்வெண் மாறும். இந்த இரண்டு திருகுகளும் ஏறத்தாழ ஒன்றையொன்று பாதிக்காமல் இயங்குவதே இந்த வடிவத்தின் பெரிய வசதி. போர்டு ஆன்டெனாக்களில் இதை நான் முதலில் பரிந்துரைப்பதற்கும் அதுவே காரணம்.

இப்போது பின்பக்கக் காப்பருக்கு வருகிறேன். கையின் மின்னோட்டத்துக்கு நேர் கீழே 1.6 மி.மீ. தொலைவில் காப்பர் இருந்தால், எதிர் மின்னோட்டம் போர்டு முழுவதும் பரவாமல் அந்தக் காப்பரிலேயே, கோட்டின் நிழல்போல, எதிர்த் திசையில் ஓடும். அருகருகே எதிரெதிராக ஓடும் இரண்டு மின்னோட்டங்களின் அலைகள் தொலைவில் ஒன்றையொன்று அழித்துவிடும். மிஞ்சும் ஆற்றல் இரண்டுக்கும் நடுவே அடைபட்டு, பலகையின் பிசினிலும் கண்ணாடி இழையிலும் வெப்பமாகத் தீர்ந்துபோகும். நீங்கள் வரைந்தது அந்த நிலையில் ஆன்டெனா அல்ல. முனை திறந்த ஒரு டிரான்ஸ்மிஷன் லைன். ஆன்டெனா இருக்கும் பகுதியில் எந்த லேயரிலும் காப்பர் இருக்கக் கூடாது என்ற விதி இதனால் வருவதுதான். கிரவுண்டு மட்டுமன்றி, ஒரு மெல்லிய சிக்னல் டிரேஸோ, போர்டு பெயரைக் காப்பரில் எழுதும் எழுத்துகளோ, திருகு நுழையும் உலோக வளையமோ அங்கே கூடாது. வரைபட மென்பொருளில் எல்லா லேயருக்கும் பொருந்தும் தடைப்பகுதியை முதலிலேயே வரைந்துவிட்டால், பிறகு காப்பரை நிரப்பும்போது இது தவறாது.

வந்து சேர்ந்த போர்டில் இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. உறுப்புகள் எதுவும் பொருத்தாத வெறும் போர்டை எடுத்து, விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். காப்பர் இருக்கும் இடம் கறுத்துத் தெரியும். இல்லாத இடத்தில் பலகை இளம்பச்சையாக ஒளியைக் கடத்தும், கண்ணாடி இழையின் நெசவுகூடக் கண்ணுக்குத் தெரியும். ஆன்டெனாப் பகுதியில் அந்த வடிவத்தின் கோடு மட்டும் கறுப்பாகவும் சுற்றிலும் ஒரே சீரான பச்சையாகவும் தெரிய வேண்டும். நான்கு லேயர் போர்டுகளில் உள்ளே மறைந்திருக்கும் பவர் லேயரையும் இது காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், புதிய போர்டு எது வந்தாலும் நான் முதலில் செய்வது இதைத்தான்.

அடுத்து இடம். ஆன்டெனாவைப் போர்டின் குறுகிய விளிம்பில், மற்ற எல்லாவற்றுக்கும் வெளியே வைக்க வேண்டும். உங்கள் 45 மி.மீ. நீளத்தில் முதல் 7 அல்லது 8 மி.மீ. ஆன்டெனாவுக்கு என்று ஒதுக்கினால், மீதி 37 மி.மீ. கிரவுண்டாக நிற்கும். அது கால் அலைநீளத்தைவிடச் சற்று அதிகம்; போதுமானது. அதற்கும் குறைவான கிரவுண்டில் பட்டையகலமும் திறனும் வேகமாகக் குறைந்துகொண்டே போகும். சிஆர்2032 பேட்டரியின் விட்டம் 20 மி.மீ.; அதை ஆன்டெனாவின் பக்கம் கொண்டுவராமல் எதிர் முனையில் வையுங்கள். அங்கே அது கிரவுண்டின் மேல் கிடக்கும் உலோகம்தான், கிரவுண்டோடு சேர்ந்துகொள்ளும், கெடுதல் செய்யாது. ஆனால் கையின் திறந்த நுனிக்குப் பத்து மி.மீ.க்குள் அதன் விளிம்பு வந்தால் நிலைமை வேறு. நுனியில்தான் மின்னழுத்தம் மிகுதி என்று சொன்னேன். அருகில் வரும் எந்த உலோகமும் அங்கே ஒரு மின்தேக்கியாகச் செயல்பட்டு அதிர்வெண்ணைக் கீழே இழுக்கும். சிப்பையும் அதன் கிரிஸ்டலையும் நடுவில் வைத்தால், 45 மி.மீ.க்குள் எல்லாம் அடங்கிவிடும்.

வடிவத்தைப் பொறுத்தவரை, உங்கள் போர்டில் 25.7 மி.மீ. அகலம் இல்லை என்பதால், மூலத்தை வெட்டுவதைவிட வேறு மூலத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதே டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 15.2 மி.மீ.க்கு 5.7 மி.மீ. இடத்தில் அடங்கும், வளைந்து வளைந்து செல்லும் இன்னொரு வடிவத்தையும் தந்திருக்கிறது. அது 22 மி.மீ. அகலத்தில் தாராளமாக அமரும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கோட்டின் அகலம், வளைவுகளின் இடைவெளி, கிரவுண்டு விளிம்பிலிருந்து கைக்கு உள்ள தொலைவு, பலகையின் தடிமன் எல்லாவற்றையும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை அப்படியே எடுத்தாக வேண்டும். படத்தை இறக்குமதி செய்த பிறகு, மென்பொருளின் அளவுகோலை வைத்து நான்கைந்து இடங்களில் அளந்து பாருங்கள். அங்குலத்துக்கும் மில்லிமீட்டருக்கும் இடையே மாறும்போது அளவு பிறழ்ந்த வரைபடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிறியதாக வளைப்பதற்கு விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்தடுத்த வளைவுகளில் மின்னோட்டம் எதிரெதிராக ஓடுவதால் அந்தப் பகுதிகள் அதிகம் வீசுவதில்லை. கோடு நீள்கிறது, வீசும் பரப்பு நீள்வதில்லை. அலைநீளத்தோடு ஒப்பிட ஆன்டெனா சிறுத்துக்கொண்டே போனால் அதன் பட்டையகலம் சுருங்கியே தீரும் என்பதை 1947இல் ஹெரால்டு வீலரும் 1948இல் லான் ஜென் சூவும் கணிதமாகவே காட்டிவிட்டார்கள். எந்த விற்பனைக் கையேடும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. அதனால்தான், மிகச் சிறிய செராமிக் சிப் ஆன்டெனாவை வாங்கினால் தொல்லை தீரும் என்று நம்புகிறவர்களிடம் நான் உடன்படுவதில்லை. அதற்கும் காப்பரற்ற வெளியும் போதுமான கிரவுண்டும் தேவை. அதுவும் போர்டின் கிரவுண்டை மறுபாதியாகக் கொண்டே இயங்குகிறது.

சிப்பிலிருந்து ஆன்டெனா வரையிலான டிரேஸ் 50 ஓம் ஆக இருக்க வேண்டும். 1.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு லேயர் எஃப்ஆர்4இல் 0.25 மி.மீ. டிரேஸின் மின்மறுப்பு 130 ஓமுக்கு மேல் போகும். பின்பக்கக் கிரவுண்டை மட்டும் நம்பி 50 ஓம் பெற வேண்டுமானால் அகலம் 3 மி.மீ. அளவுக்குத் தேவைப்படும், 6 மி.மீ. சதுரச் சிப்பின் பக்கத்தில் அதற்கு இடமில்லை. ஆகவே டிரேஸின் இருபுறமும் 0.2 மி.மீ. இடைவெளியில் கிரவுண்டைக் கொண்டுவந்து, அகலத்தை 1 முதல் 1.2 மி.மீ.க்குள் வைத்துக்கொள்ளுங்கள், போர்டு வரையும் கீகேட் மென்பொருளுடன் வரும் கணிப்பானில் உங்கள் பலகையின் எண்களைப் போட்டுத் துல்லியப்படுத்தலாம். நான்கு லேயர் போர்டில் அடுத்த கிரவுண்டு 0.2 மி.மீ. ஆழத்திலேயே கிடைப்பதால் 0.35 மி.மீ. டிரேஸே போதும், செலவு இடம் கொடுத்தால் அதுவே என் தேர்வு. டிரேஸ் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அதன் இருபுறக் கிரவுண்டையும் பின்பக்கத்தோடு 3 மி.மீ.க்கு ஒன்று என்ற கணக்கில் வியாக்களால் (லேயர்களை இணைக்கும் உலோகம் பூசிய துளைகளால்) தைத்துவிடுங்கள். ஆன்டெனாவை ஒட்டிய கிரவுண்டு விளிம்பிலும் அப்படியே.

சிப்பின் ஆன்டெனாப் பின்னை ஒட்டி வரும் 3.9 நானோஹென்றி மின்தூண்டியும் 0.8 பிகோஃபாரட் மின்தேக்கியும் ஆன்டெனாவுக்காக வைத்தவை அல்ல. அவை சிப்பின் மின்மறுப்பை 50 ஓமுக்குக் கொண்டுவருகின்றன, 4.88 கிகாஹெர்ட்ஸ் முதலான மடங்கு அதிர்வெண்களையும் அடக்குகின்றன. அவற்றைச் சிப் நிறுவனத்தின் மாதிரி வரைபடத்தில் உள்ளபடியே, இடமும் திசையும் மாறாமல் வையுங்கள். அதற்குப் பிறகு, ஆன்டெனாவுக்கு முன்னால், குறுக்கே ஒன்று, தொடரில் ஒன்று, மீண்டும் குறுக்கே ஒன்று என மூன்று உறுப்புகளுக்கு 0402 அளவில் (1 மி.மீ.க்கு 0.5 மி.மீ.) பேட், அதாவது பற்றவைக்கும் காப்பர் இடம், விட்டுவையுங்கள். முதலில் தொடர் இடத்தில் சுழி ஓம் ரெசிஸ்டரைப் போட்டு, மற்ற இரண்டையும் காலியாக விடலாம். இந்த மூன்று பேட்களுக்காகும் இடம் மிகச் சிறிது. அவை இல்லாமல் போர்டு வந்துவிட்டால் திருத்துவதற்கு வழியே இராது.

அளப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பெரும்பாலானோர் விட்டுவிடும் படி இது. ஆன்டெனாவுக்கு அனுப்பும் சிக்னலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் காட்டும் நெட்வொர்க் அனலைசர் வேண்டும். மலிவான நானோவிஎன்ஏவின் முதல் வகை 900 மெகாஹெர்ட்ஸ் வரைதான் போகும், எச் வகை 1.5 கிகாஹெர்ட்ஸ் வரை. உங்களுக்கு 3 கிகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் வகை தேவை. தொடர் பேட்டில் சிப்பின் பக்கத்தைத் துண்டித்து, மெல்லிய கோஆக்ஸ் கேபிளின் உள்கம்பியை ஆன்டெனாவின் பக்கமும் உறையைப் பக்கத்துக் கிரவுண்டிலும் பற்றவையுங்கள். கேபிளின் நுனி வரை கேலிபரேட் செய்துகொள்ளுங்கள். இவ்வளவு சிறிய போர்டில் கேபிளின் உறையும் கிரவுண்டின் நீட்சியாக மாறி அளவைக் கெடுக்கும் என்பதால், போர்டிலிருந்து வெளியேறும் இடத்திலேயே கேபிளில் ஃபெரைட் மணிகளைக் கோத்துவிட வேண்டும். கேபிளைக் கையால் தடவும்போது திரையில் வளைவு நகர்ந்தால், அந்த அளவை நம்பாதீர்கள்.

கையைச் சற்று நீளமாகவே வரைந்து, வெட்டிச் சரிசெய்வதே பாதுகாப்பான முறை. 25 மி.மீ. நீளக் கையில் ஒரு மில்லிமீட்டரைக் குறைத்தால் அதிர்வெண் ஏறத்தாழ 100 மெகாஹெர்ட்ஸ் ஏறும். புளூடூத் பட்டையோ 2402 முதல் 2480 வரை, 80 மெகாஹெர்ட்ஸ்கூட இல்லை. கூர்மையான கத்தியால் நுனியில் அரை மி.மீ. அளவுக்குக் கீறி, காப்பரை உரித்து, அளந்து, மறுபடி கீற வேண்டும். கருவியின் பெட்டி மூடியிருக்க, பேட்டரி உள்ளே இருக்க, பயன்படும் நிலையிலேயே இதை அளக்க வேண்டும். என் தொடக்கக் காலத்தில் வெறும் போர்டை 2440இல் மிகத் துல்லியமாக நிறுத்தினேன். பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்ததும் அது பட்டைக்குக் கீழே இறங்கிவிட்டது. பெட்டியின் சுவர் ஆன்டெனாவிலிருந்து ஒரு மி.மீ. தொலைவில்தான் இருந்தது. ஐம்பது போர்டுகளின் நுனியையும் ஒவ்வொன்றாகக் கீறித் திருத்த இரண்டு நாள் ஆனது.

திரும்பிவரும் சிக்னல் பட்டை முழுவதும் மைனஸ் 10 டெசிபலுக்குக் கீழே இருந்தால் போதும். அப்போது சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் திரும்புகிறது. இழப்பு அரை டெசிபல்கூட இல்லை. அதை மைனஸ் 25க்குக் கொண்டுபோக மணிக்கணக்கில் உழைப்பதில் பயனில்லை. அதைவிட முக்கியமானது, அந்த அளவு ஒன்றை மட்டும் நம்பக் கூடாது என்பது. ஆன்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்தால் திரையில் மிக அழகான வளைவு வரும், ஓர் அலையும் வெளியேறாது. ஆகவே கடைசிச் சான்று தொலைவில்தான் கிடைக்க வேண்டும். கருவியை மூன்று மீட்டர் தள்ளி ஓர் அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, 45 பாகைக்கு ஒருமுறை திருப்பி, கைப்பேசியில் வரும் சிக்னல் அளவை ஒவ்வொரு நிலையிலும் குறித்துச் சராசரி எடுங்கள். நன்றாக இயங்கும் என்று தெரிந்த ஒரு டெவலப்மெண்ட் போர்டை அதே இடத்தில், அதே சக்தியில் வைத்து அதே அளவை எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு 3 அல்லது 4 டெசிபலுக்குள் இருந்தால் உங்கள் ஆன்டெனா நன்றாகவே இருக்கிறது. 6 டெசிபல் குறைந்தால் தொலைவு பாதியாகும் என்பதை வைத்து, மிச்சத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நீங்கள் செய்யப்போவது சில நூறு கருவிகள்தான் என்றால், ஆன்டெனாவோடு சேர்ந்து வரும், சான்றிதழ் பெற்ற மாட்யூலை வாங்கிவிடுங்கள் என்பதே என் நேர்மையான கருத்து. அங்கேயும் இதே இயற்பியல்தான்: மாட்யூலின் ஆன்டெனா முனை உங்கள் போர்டின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மாட்யூல் தயாரிக்கும் எஸ்பிரசிஃப் நிறுவனம் தன் மாட்யூல்களுக்கு ஆன்டெனாவைச் சுற்றி 15 மி.மீ. வெற்றிடம் கேட்கிறது, அதைப் போர்டின் நடுவே, காப்பரின் மேல் பற்றவைத்துவிட்டு மாட்யூலைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

புதிய போர்டுக்குப் பணம் கட்டுமுன் இப்போது கையில் இருப்பதில் ஒரு சோதனை செய்யுங்கள். ஆன்டெனாவின் ஃபீட் காலை, அது தொடங்கும் இடத்திலேயே கத்தியால் வெட்டி, வடிவத்தை முழுவதுமாகத் துண்டித்துவிடுங்கள். வெட்டிய டிரேஸின் நுனியில் 31 மி.மீ. நீளமுள்ள மெல்லிய ஒற்றைக் கம்பியைப் பற்றவைத்து, அதைப் போர்டின் தளத்துக்குச் செங்குத்தாக நிமிர்த்துங்கள். இது கணக்குக்கு மிக நெருக்கமான கால் அலைநீள ஆன்டெனா. சிக்னல் 15 அல்லது 20 டெசிபல் ஏறினால் தவறு முழுவதும் வரைந்த வடிவத்திலும் அதன் கீழுள்ள காப்பரிலும்தான் இருக்கிறது. மேலே சொன்னபடி வரைந்து அனுப்பிவிடலாம். ஏறாவிட்டால் ஆன்டெனாவை விட்டுவிட்டு, 3.9 நானோஹென்றி மின்தூண்டிக்குப் பதிலாக வேறு மதிப்பு பொருத்தப்பட்டிருக்கிறதா, சிப்பின் அடியிலுள்ள கிரவுண்டுப் பேட் சரியாகப் பற்றியிருக்கிறதா, 32 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் மின்தேக்கிகள் சரியான மதிப்பில் இருக்கின்றனவா என்ற வரிசையில் தேடுங்கள்.